திருத்தாத கைகள்

ஏடு எவ்வளவு பழையதோ அவ்வளவு மூலத்திற்கு நெருங்கியது என்று இறையியல் மாணவர் பலர் எண்ணுகின்றனர். தூய பெனடிக்ட் இயற்றிய துறவற ஒழுங்கின் இரு கையெழுத்துப்படிகள் இவ்வெண்ணத்தைத் திருத்துகின்றன. ஆறாம் நூற்றாண்டில் இத்தாலியில் எழுந்த இவ்வொழுங்கு 73 அதிகாரங்களைக் கொண்டது. 1950இல் குளித்தலைக்கு அருகே சாந்திவன ஆசிரமத்தை நிறுவிய இருவருள் ஒருவரான ஆன்றி லெ சோ இவ்வொழுங்கில் பயின்றவரே.

கிடைத்துள்ளவற்றுள் மிகப் பழைய படி ஏறத்தாழ கி.பி. 700இல் இங்கிலாந்தில் எழுதப்பட்டது. இன்று ஆக்ஸ்போர்டின் போட்லியன் நூலகத்தில் உள்ளது. மற்றது சுவிட்சர்லாந்தின் செயின்ட் காலன் மட நூலகத்து 914ஆம் எண் ஏடு. ஒன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது. நூறாண்டு இளைய இவ்வேடே மூலத்திற்கு நெருங்கியது என்பதை 1898இல் லூட்விக் டிராவ்பே என்னும் ஜெர்மானிய அறிஞர் எடுத்துக்காட்டினார்.

காரணம் யாது? பெனடிக்ட் எழுதியது பேச்சுவழக்குக் கலந்த இலத்தீன். பின்வந்தோர் அதனைச் செப்பனிட்டனர். ஆக்ஸ்போர்டு படி அத்தகைய திருத்தங்களைத் தாங்கியது. பேரரசர் சார்லமேனோ, பெனடிக்டின் கைப்படி என்று கருதப்பட்ட ஏட்டிலிருந்து எழுதப்பட்ட படியொன்றை மோன்டே கசீனோ மடத்திலிருந்து வருவித்தார். அதனை ரைஹெனாவ் மடத்துத் துறவியரான கிரிமால்ட், டாட்டோ இருவரும் தம் நூலகர் ரெகின்பெர்ட்டுக்காக எழுத்துக்கு எழுத்து பார்த்தெழுதினர். பிழைபோல் தோன்றியதையும் அவர்கள் திருத்தவில்லை. பாடபேதங்களை ஓரத்தில் மட்டும் குறித்தனர். அம்மரபில் வந்ததே செயின்ட் காலன் ஏடு. செவிகொடு என்று பொருள்படும் முதற்சொல்லே அதில் 'ஒப்ஸ்குல்ட்டா' என்று வழக்குச் சொல்லாக நிற்கிறது. திருத்தியோர் அதனை 'ஆஸ்குல்ட்டா' ஆக்கினர்.

இது ஏட்டாராய்ச்சியாளருக்கு மட்டும் உரிய செய்தியன்று. கருணாபுரத்திலிருந்து இதனை எழுதுகிறேன். 2024 ஜூனில் இங்கும் சுற்றுப்புறங்களிலும் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயத்தால் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஒழுங்கின் 40ஆம் அதிகாரமோ, துறவிக்கு நாளொன்றுக்கு ஒரு ஹெமினா, அதாவது கால் லிட்டருக்குச் சற்று மிகுதியான திராட்சரசத்தை அனுமதிக்கிறது. கணவனை இழந்த பெண்கள் அமர்ந்திருக்கும் வேதபாட வகுப்பில் இதனைக் கூறாமல் விட்டுவிடவே என் மனம் விழைந்தது.

ஆயினும் அதனை விட்டால் அதனோடு பிணைந்தவையும் போய்விடும். துறவிக்கு மது தகாது என்பதை பெனடிக்ட் அறிவார். தம் காலத்தார் அதனை ஏற்கமாட்டார் என்பதையும் ஒளிக்காமல் கூறுகிறார். ஆகையால் வெறிகொள்ளாத அளவையாவது வகுக்கிறார். முற்றிலும் விலக வல்லமை பெற்றோருக்குத் தனிப் பலன் உண்டு என்கிறார். மனிதனின் பலவீனத்தை மறைத்துப் பேசும் மதுவிலக்குப் போதனை குடிப்பவன் செவியில் ஏறுவதில்லை. அதனை ஒப்புக்கொண்டு பேசுபவரிடமே அவன் மனந்திறக்கிறான்.

எனவே அவ்வதிகாரத்தை முழுவதுமாகவே வாசித்தேன். நமக்கு ஒவ்வாத வரியையும் மாற்றாமல் ஒப்படைப்பதே போதகனின் முதற்கடன். நம் விளக்கம் ஓரத்தில் நிற்கட்டும். மூலத்தின் இடத்தை அது பிடிக்கலாகாது.