தொடக்ககாலச் சென்னை புல்லட்டின் அசல் தன்மையைச் சரிபார்த்தல்

திருவொற்றியூரில் 1956-இல் என்ஃபீல்டு ஆலை திறக்கப்பட்டபோது, புல்லட் 350 இங்கிலாந்தின் ரெட்டிச் நகரிலிருந்து தனித்தனிப் பாகங்களாகக் கப்பலில் வந்து இங்கே பூட்டப்பட்டது. அவ்வாண்டு இறுதிக்குள் உருவானவை 163 வண்டிகளே. அக்காலத்து வண்டி ஒன்றைப் பழைய நிலைக்குக் கொண்டுவர முனைவோருக்குப் பாகங்கள் கிடைக்காதது பெரிய தொல்லை அல்ல. எந்தக் காலத்துப் பாகமும் பொருந்திவிடுவதுதான் தொல்லை.

ரெட்டிச் ஆலை தன் புல்லட்டை அடிக்கடி மாற்றியமைத்து, 1962-இல் உற்பத்தியை நிறுத்தியது. சென்னையிலோ 1955-ஆம் ஆண்டு வடிவமே சிறு திருத்தங்களுடன் ஏறத்தாழ அரை நூற்றாண்டு நீடித்தது. அதனால் 1957 சேசிஸில் 1980களின் எஞ்சின் பெரிய வேலையின்றி உட்காரும். ஏமாற்றும் எண்ணம் எதுவுமின்றி, ஓடினால் போதும் என்று மெக்கானிக்குகள் மாற்றிப் பூட்டியவையே மிகுதி.

ஆகவே சரிபார்ப்பு எண்களிலிருந்து தொடங்குகிறது. கைப்பிடித் தண்டு நுழையும் கழுத்துப் பகுதியில் சேசிஸ் எண்ணும், கிராங்கேஸில் எஞ்சின் எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கும். இரண்டும் பதிவுச் சான்றுடன் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போனாலும் எழுத்தின் வடிவத்தையும் ஆழத்தையும் பார்ப்பது நல்லது. அரத்தால் ராவி மீண்டும் குத்திய எண் வரிசை தவறி நிற்கும். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எடுப்பதுபோலப் பென்சில் அச்சு எடுத்தால் இது தெளிவாகத் தெரியும். மணல் வீச்சும் பவுடர் கோட்டிங்கும் எண்ணை மழுக்கிவிடும் என்பதால், இவ்வேலை பெயின்டுக்கு முன்பே முடிய வேண்டும்.

அமெரிக்காவின் 1964 போன்டியாக் ஜி.டி.ஓ. காரில் எண் மட்டும் போதாது. அது லெமான்ஸ் காரின் கூடுதல் தேர்வாக விற்கப்பட்டதால், எண்ணில் அதற்கென்று அடையாளம் இல்லை. ஆலை ஆவணம் தேவை. புல்லட்டிலும் எண்ணுக்குப் பின் நுணுக்கங்களுக்கு வர வேண்டும். மிக்கார்ப் கார்புரேட்டர் பிற்காலத்தது. முன்பு இருந்தது அமால். மின்னமைப்பு 12 வோல்ட்டாக இருந்தால் அதுவும் பின்னர் மாற்றியதே. கறுப்புப் பெயின்டின் அடியில் இராணுவப் பச்சை தென்பட்டால், வண்டி ஏலத்தில் வந்ததாக இருக்கலாம்.

ஜோலார்பேட்டை, வாணியம்பாடி, ஆம்பூர் வட்டாரத்தில் வேறொரு சபலம் உண்டு. கைக்கெட்டும் தூரத்தில் நல்ல தோலும் கைதேர்ந்த தையல்காரரும் கிடைப்பதால், இருக்கைக்குத் தோல் உறை போட ஆசை வரும். பார்க்க அழகாகவே இருக்கும். ஆனால் ஆலை போட்டது ரெக்ஸின்.

2021-இல் திருத்தப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, சேசிஸும் எஞ்சினும் பெரிதாக மாற்றப்படாத இருசக்கர வாகனமே ‘வின்டேஜ்’ பதிவுக்குத் தகுதி பெறும். புதிய பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். செல்லுபடிக் காலம் 10 ஆண்டு. எஞ்சின் மாறிய வண்டி இத்தகுதியை இழக்க நேரிடலாம். டாங்கில் தூரிகையால் கைப்பட இழுத்த பொன்னிறக் கோடு கொஞ்சம் மிஞ்சியிருந்தாலும், ஸ்டிக்கர் ஒட்டி மறைக்காமல் விட்டுவைப்பதே அனுபவசாலிகளின் வழக்கம்.