ஜீப்பு ஹைட்டா இருந்தா போதுமா? புதர் மூடிய மலைப்பாதையில் உஷார்!

திட்டக்குடி: தார் ரோட்டில் 'தார்' ஓட்டுவது சுலபம். திட்டக்குடி, வேப்பூர் பக்கமிருந்து கல்வராயன் மலைக்குக் கிளம்பும் இளவட்டங்கள், வெள்ளிமலை வரை ரோட்டிலேயே போய் வந்தால் வம்பே இல்லை. மண் பாதையில் இறங்கும்போதுதான் சிக்கல்.

மழை முடிந்த கையோடு உண்ணிச்செடியும் காட்டுப்புல்லும் மண்டி பாதையையே மூடிவிடும். அடியில் பாறையா, பள்ளமா, விழுந்த மரமா... ஸ்டியரிங் பிடித்தவருக்குத் தெரியாது.

'நம்ம வண்டி ஹைட்டுண்ணே, ஏறிடும்' என்பதுதான் முதல் தப்புக்கணக்கு. மகிந்திரா தாரின் தரை இடைவெளி 226 மில்லிமீட்டர். ஜிம்னிக்கு 210. அதாவது ஒரு ஜாண், அவ்வளவுதான்! 2023 முதல் பின் சக்கரம் மட்டும் இழுக்கும் தாரும் விற்பனைக்கு வந்துவிட்டது. தார் என்றாலே நாலு வீலும் இழுக்கும் என்று நம்பி இறங்க வேண்டாம்.

நடுவில் கல் கிடந்தால் பலர் அதை இரண்டு சக்கரத்துக்கும் இடையே விட்டுத் தாண்டப் பார்ப்பார்கள். அடிவாங்குவது அங்கேதான். கல் சின்னதாக, ஆடாமல் இருந்தால் அதன் மேலேயே டயரை மெல்ல ஏற்றுங்கள். வண்டியின் வயிறு தப்பிக்கும். டிராக்டர் அறுத்த ஆழமான தடம் என்றாலும் இதே கதை. சக்கரத்தைத் தடத்துக்குள் விடாமல் மேட்டில் வைத்து ஓட்ட வேண்டும்.

புல் மூடிய இடத்தில் ஒருவர் இறங்கி, கம்பால் தட்டிக்கொண்டே முன்னால் நடப்பது நல்லது. பள்ளமும் தெரியும், பாம்பும் ஒதுங்கும். இறக்கத்தில் 'ஃபோர் லோ' போட்டு முதல் கியரில் விடுங்கள். கிளட்ச்சை மிதித்தால் வண்டி பிய்த்துக்கொண்டு ஓடும்.

இதையெல்லாம் விட பெரிய ஆபத்து நெருப்பு. பிப்ரவரிக்கு மேல் புல் காய்ந்து சருகாகிவிடும். சைலன்சர் குழாயில் அது சிக்கினால் புகையும், அப்புறம் பற்றும். அதிலும் 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 டீசல் வண்டிகளில் கரியை வடிகட்டும் ஃபில்டர் இருக்கிறது. சேர்ந்த கரியை அது தானே எரிக்கும்போது சூடு 600 டிகிரியைத் தொடும். அந்த நேரத்தில் காய்ந்த புல் மேல் வண்டியை நிறுத்தினால் வண்டியோடு காடும் போய்விடும்.

அதனால் அடிக்கடி வெறும் மண்ணில் நிறுத்தி, குனிந்து அடியில் பாருங்கள். குழாய் ஆறிய பிறகு கம்பால் புல்லை இழுத்துப் போடுங்கள். கையை விட்டால் கொப்புளம்தான். ஒரு கேன் தண்ணீர் கட்டாயம் வேண்டும்.

இன்னொன்று, காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவது 1882-ம் ஆண்டு வனச்சட்டப்படி குற்றம். பாதை தெரிகிறதே என்று நுழையாமல், முதலில் வனத்துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.