புரண்டு படுத்தாலே ‘கிரீச்’... மரக் கட்டில் ஏன் கத்துகிறது, எப்படி நிறுத்துவது?

எட்டு மாதக் குழந்தையை ஒரு மணி நேரம் தோளில் போட்டுத் தட்டித் தூங்க வைத்து, பக்கத்தில் மெதுவாகப் படுக்கப் போகிறேன். முழங்கையை ஊன்றியதும் கட்டில் ‘கிரீச்’ என்கிறது. குழந்தை கண்ணைத் திறந்து என்னையே பார்க்கிறது. போன வருஷம் நொய்டா வாடகை வீட்டில் வாரத்துக்கு நாலு நாளாவது இதுதான் கதை.

உங்கள் வீட்டில் குழந்தை இல்லாமல் இருக்கலாம். நைட் ஷிஃப்ட் முடித்து விடியற்காலையில் வந்து படுப்பவர் இருக்கலாம். அல்லது கீழ் வீட்டுக்கே கேட்குமோ என்ற கூச்சம். யாரிடம் சொன்னாலும் இரண்டு பதில்தான் வரும்: “எண்ணெய் விடு”, இல்லையென்றால் “வேற கட்டில் வாங்கிடு”. பெரும்பாலும் இரண்டுமே தேவைப்படாது. முழுக் கட்டிலும் கத்துவதில்லை. ஒரு ஜாயின்ட், மிஞ்சினால் இரண்டு கத்தும். அது எது என்று கண்டுபிடிப்பதுதான் முக்கால்வாசி வேலை.

சத்தம் எப்படி உண்டாகிறது?

இரண்டு பரப்புகள் அழுத்தத்தோடு உரசும்போது வழுக்கிக்கொண்டே போவதில்லை. ஒட்டி நிற்கும், விசை கூடியதும் சட்டென நழுவும், மறுபடி ஒட்டும். ஒரு நொடிக்குள் இது பலமுறை நடந்தால் மரம் அதிர்ந்து ‘கிரீச்’ என்று கேட்கிறது. வயலின் வில் தந்தியில் இசை எழுப்புவதும் இதே முறையில்தான். உங்கள் கட்டிலில் சுருதி இல்லை, அவ்வளவுதான்.

ஆக, சத்தம் வர ஏதோ ஒன்று நகர வேண்டும். வாங்கிய புதிதில் நகராதது இப்போது ஏன் நகர்கிறது? மரம் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும், வெளியே விடும். காற்றின் ஈரப்பதம் 80% என்றால் மரத்துக்குள் ஈரம் சுமார் 16% வரை ஏறும். அதே காற்று 30%-க்குக் காய்ந்தால் மரத்தின் ஈரம் 6% அளவுக்கு இறங்கும். வட இந்தியாவில் மழைக்காலத்துக்கும் கோடைக்கும் நடுவில் வித்தியாசம் இப்படித்தான். ஈரம் குறையும்போது மரம் நீளவாக்கில் ஏறக்குறைய சுருங்காது, குறுக்குவாக்கில் சுருங்கும்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன் (தொழில் புத்தி, விடாது). தேக்கு மற்ற பல மரங்களைவிடக் குறைவாகச் சுருங்குவது. அதில் செய்த 60 மி.மீ. தடிமனுள்ள கட்டில் கால்கூட இந்த ஈர மாற்றத்தில் அரை மி.மீ. முதல் ஒரு மி.மீ.க்குக் கொஞ்சம் மேல் வரை சுருங்கும். கட்டில்களில் பரவலாக வரும் 6 மி.மீ. போல்ட் ஒரு முழுச் சுற்றுக்கு 1 மி.மீ. நகரும். அதாவது, யாரும் தொடாமலே உங்கள் போல்ட் அரைச் சுற்று, ஒரு சுற்று தளர்ந்த நிலைக்கு வந்துவிடுகிறது. மரம் மெதுவாகத்தான் உலரும் என்பதால் நிஜத்தில் இதைவிடக் குறையலாம். ஆனால் ஒரு ஜாயின்ட் ஆடுவதற்கு இவ்வளவுகூட வேண்டாம்.

கத்துவது யார்?

மெத்தையைக் கீழே இறக்கி அதன்மேல் புரண்டு பாருங்க. ஸ்பிரிங் மெத்தையாக இருந்தால் குற்றவாளி அதுவாகவே இருக்கலாம். மெத்தை நிரபராதி என்றால் கட்டிலின் ஒவ்வொரு மூலையாகப் போய், காலைப் பிடித்து முன்னும் பின்னும், பிறகு பக்கவாட்டிலும் ஆட்டுங்க. ஒருவர் ஆட்டட்டும், இன்னொருவர் சட்டமும் காலும் சேரும் கோட்டின் மேல் விரலை வைத்திருக்கட்டும். காது ஏமாற்றும், ஏனென்றால் தலைமாட்டுப் பலகை சத்தத்தை வாங்கி வேறு இடத்திலிருந்து வருவதுபோலக் காட்டும். விரலுக்கு அந்தக் குழப்பம் இல்லை.

சத்தத்தின் வகையும் துப்பு தரும். இழுவையான ‘கிரீச்’ என்றால் மரத்தோடு மரம் உரசுகிறது. ‘டக்’ என்று ஒற்றையாக வந்தால் தளர்ந்த ஜாயின்ட் இடிக்கிறது, இல்லையென்றால் ஒரு கால் தரையைத் தொடாமல் நிற்கிறது. மெல்லிய ‘கீச்’ என்றால் இரும்புத் தகட்டையோ திருகையோ சந்தேகிக்கலாம். ஆறடி அகலக் கட்டில் என்றால் நடுக்காலை மறக்காதீங்க. அது தரையைத் தொடாமல் தொங்கிக்கொண்டிருந்தால் பாரம் முழுவதும் பக்கச் சட்டங்களுக்குப் போகும்.

இறுக்குவதற்கு முன் தளர்த்துங்க

நேராகப் போல்ட்டை இறுக்குவதுதான் எல்லாரும் செய்வது. கட்டில் ஏற்கெனவே கோணலாக நின்றால் அந்தக் கோணலையே இறுக்கி வைத்துவிடுவீர்கள். எல்லாப் போல்ட்டையும் ஒரு சுற்று தளர்த்தி, நாலு கால்களும் தரையில் பதியும்படி கட்டிலை லேசாக அசைத்து உட்கார வைத்து, பிறகு மூலைக்கு மூலை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்க. கட்டிலோடு வந்த ஆலன் கீ தொலைந்திருக்கும். ஹார்டுவேர் கடையில் ஒரு செட் வாங்கிவிடலாம். போல்ட் தலை மரத்துக்குள் அமுங்குகிறது என்றால் அடியில் ஒரு அகல வாஷர் போடுங்க.

பார்ட்டிகல் போர்டு கட்டில் என்றால் பலத்தைக் காட்டாதீங்க, திருகுத் துளை உள்ளுக்குள் பொடிந்துவிடும். ஏற்கெனவே பொடிந்து திருகு சும்மா சுற்றுகிறதா? மருந்தை உடைத்தெறிந்த தீக்குச்சிகளை ஃபெவிகாலில் தோய்த்துத் துளையில் நெருக்கமாகச் செருகி, வெளியே நீட்டுவதை வெட்டிவிட்டு, ஒரு நாள் காயவிட்டுத் திருகைப் பூட்டுங்க. ஒருமுறைக்கு இது நன்றாகவே தாங்கும். ஒவ்வொரு வீடு மாறும்போதும் கழற்றி மாட்டினால் தாங்காது.

என் வீட்டுக்கு முதலில் வந்த தச்சர் இது எதையும் பார்க்காமல் மூலைக்கு ஒரு ஆணி அடித்துவிட்டு 500 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். ஒரு வாரம் அமைதி. பிறகு ‘கிரீச்’ போய் ‘டக்’ வந்தது. ஆணி இரண்டு துண்டுகளைச் சேர்த்து இழுத்துப் பிடிப்பதில்லை, ஆட ஆடத் தன் துளையைத் தானே பெரிசாக்கும். சட்டத்தின் ஓரத்தில் அடித்தால் மரமும் பிளக்கும்.

எண்ணெய் வேண்டாம், மெழுகுவர்த்தி போதும்

தேங்காய் எண்ணெயோ கடுகு எண்ணெயோ மரத்துக்குள் ஊறிப் போய்விடும். சத்தம் திரும்பும், பிசுக்கும் தூசியும் மிச்சம், மெத்தையில் கறை வேறு. டால்கம் பவுடர் சில நாள் தாக்குப்பிடிக்கும். சாதாரண வெள்ளை மெழுகுவர்த்தியைக் குறுக்குப் பலகைகளின் இரு முனைகளிலும், அவை உட்காரும் பள்ளத்திலும் அழுத்தித் தேயுங்க. உரசினாலும் ஒட்டாமல் வழுக்கும், அதனால் சத்தம் எழாது. பலகை லொடலொடவென்று ஆடினால் மெழுகு போதாது, பழைய ஜீன்ஸ் துண்டையோ ஃபெல்ட் பட்டையையோ அடியில் வையுங்க. இரும்புக் கீல் கத்தினால் அதற்கு மட்டும் ஒரு சொட்டு மெஷின் ஆயில் விடலாம்.

ஸ்டோரேஜ் கட்டிலில் கத்துவது பெரும்பாலும் மேலே மூடும் ப்ளைவுட் பலகைகள்தான். ஒன்றோடொன்று உரசும் ஓரங்களுக்கு மெழுகு, சட்டத்தில் உட்காரும் இடத்துக்கு ஃபெல்ட். உள்ளே அடைத்திருக்கும் பெட்டி ஏதாவது பலகையைக் கீழிருந்து முட்டுகிறதா என்றும் பார்த்துவிடுங்க.

இறுக்கும்போது போல்ட் துளையிலிருந்து மரத்தில் விரிசல் ஓடுவது தெரிந்தாலோ, ஊசித் துளைகளிலிருந்து மாவு போலத் தூள் கொட்டினாலோ மெழுகோடு நிற்காதீங்க. அது பாரம் தாங்கும் பிரச்சினை. சரிசெய்யும்வரை மெத்தையைத் தரையில் போட்டுப் படுங்க.

என் கட்டிலில் கத்தியது கால்மாட்டின் இடது மூலை. ஆணியைப் பிடுங்கி, போல்ட்டை முக்கால் சுற்று இறுக்கி, நாலு பலகைகளுக்கு மெழுகு தேய்த்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அதற்குப் போனது. இந்த மே மாதம் மறுபடி லேசாக ஆரம்பித்தது. இந்தத் தடவை ஆலன் கீ மட்டும் போதுமாக இருந்தது, குழந்தை பக்கத்திலேயே தூங்கிக்கொண்டிருந்தாள்.