கார்பன் ரேஸ் சைக்கிள்... இரண்டு லட்சத்தை எடுக்கும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்!

சைக்கிள் விலை இரண்டு லட்சம் ரூபாய் என்று வாழப்பாடியில் யாரிடமாவது சொன்னால், முதலில் வரும் கேள்வி, "அந்தக் காசுக்கு ஒரு புல்லட்டே எடுத்துடலாமே தம்பி?" என்பதாகத்தான் இருக்கும். அதில் தப்பும் இல்லை. பாக்கும் மரவள்ளியும் விளைவித்துச் சேர்த்த பணத்தில் இரண்டு லட்சம் என்பது சின்னத் தொகையா என்ன?

ஆனால், ரேஸ் சைக்கிள் ஓட்டும் ஆசை வந்துவிட்ட பிள்ளைக்கு இந்தப் பதில் போதாது. யூடியூபில் பார்த்த வெளிநாட்டு வீரர்கள் எல்லோரும் கார்பன் சைக்கிளில்தான் போகிறார்கள். 'அது இருந்தால்தான் ஜெயிக்க முடியும்' என்ற எண்ணம் மனதில் உட்கார்ந்துவிடுகிறது. உண்மையில் கார்பன் எவ்வளவு உதவும், யாருக்கு அவசியம், வாங்குவதென்றால் எதைப் பார்த்து வாங்க வேண்டும்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் கேள்வி: எந்தப் போட்டிக்கு?

கடைக்குப் போவதற்கு முன் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இதுதான்.

தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம், அண்ணா பிறந்தநாளையொட்டி மாவட்டம்தோறும் நடத்தும் சைக்கிள் போட்டிதான் நம் ஊர்ப் பிள்ளைகள் பலருக்கும் முதல் ரேஸ். 13, 15, 17 வயதுக்கு உட்பட்டோர் என மூன்று பிரிவுகள். வயதைப் பொறுத்து மாணவர்களுக்கு 15 அல்லது 20 கி.மீ., மாணவிகளுக்கு 10 அல்லது 15 கி.மீ. முதல் பரிசு 5,000 ரூபாய். இந்தப் போட்டிக்கு இந்தியாவில் தயாரான, சாதாரண ஹேண்டில்பார் கொண்ட சைக்கிளைத்தான் எடுத்து வர வேண்டும் என்பது விதி. இரண்டு லட்ச ரூபாய் கார்பன் சைக்கிளுக்கு இங்கே இடமே இல்லை. பிளஸ் ஒன்னில் அரசு கொடுக்கும் இலவச சைக்கிளைப் போன்ற ஒன்றைச் செயினுக்கு எண்ணெய் போட்டு, டயருக்குச் சரியாகக் காற்றடித்து ஓட்டினாலே போதும்.

அடுத்த கட்டம், தேசியப் போட்டிக்கு வழிவிடும் மாநில அளவிலான ரோடு ரேஸ். வளைந்த ஹேண்டில்பார், கியர், மெல்லிய டயர் கொண்ட 'ரோடு பைக்' இங்கேதான் தேவைப்படுகிறது. இதற்குத் தயாராகிறவர்தான் அலுமினியமா, கார்பனா என்று யோசிக்க வேண்டும்.

மூன்றாவது வகை, 200, 300, 400, 600 கி.மீ. தூரத்தைக் குறிப்பிட்ட நேரத்துக்குள் முடிக்கும் 'பிரெவே' எனப்படும் நெடுந்தூரப் பயணங்கள். 200 கி.மீ-க்குப் பதின்மூன்றரை மணி நேரம் அவகாசம் உண்டு. யார் முதலில் வந்தார் என்ற பேச்சே கிடையாது. சைக்கிள் எடை குறைவாக இருப்பதைவிட, இடுப்பு வலிக்காமல் உட்கார முடிகிறதா என்பதே இங்கே முக்கியம்.

கார்பனில் அப்படி என்ன இருக்கிறது?

தலைமுடியைவிட மெல்லிய கார்பன் இழைகளைத் துணிபோல அடுக்கி, பசையில் ஊறவைத்து, அச்சில் வைத்துச் சூடேற்றி இறுக்கினால் கார்பன் ஃப்ரேம். எந்த இடத்தில் உறுதி வேண்டுமோ அங்கே கூடுதல் அடுக்கு, எங்கே கொஞ்சம் நெகிழ வேண்டுமோ அங்கே குறைவான அடுக்கு என்று வடிவமைக்கலாம். அதனால் பெடலை மிதிக்கும் இடம் இறுக்கமாகவும், சீட் பக்கம் குலுக்கலைத் தாங்கும்படியும் செய்ய முடிகிறது. எடையும் குறையும், துருப்பிடிக்காது.

டூர் டி பிரான்ஸை கார்பன் ஃப்ரேமில் முதன்முதலில் வென்றவர் அமெரிக்கரான கிரெக் லெமாண்ட். ஆண்டு 1986. அதன்பிறகும் இரும்பும் அலுமினியமும் உடனே ஓய்ந்துவிடவில்லை. 1998-ல் இத்தாலியின் மார்கோ பன்டானி அதே போட்டியை அலுமினிய சைக்கிளில்தான் வென்றார். சைக்கிளின் எடை குறைந்துகொண்டே போனதால், 6.8 கிலோவுக்குக் குறைவான சைக்கிளில் போட்டியிடக் கூடாது என்று சர்வதேச சைக்கிள் சங்கம் 2000-ம் ஆண்டு முதல் கட்டுப்பாடு வைத்திருக்கிறது.

ஒரு கிலோவுக்கு எத்தனை நிமிடம்?

ஒரே தரத்திலான கியரும் பிரேக்கும் போட்ட அலுமினிய சைக்கிளையும், ஆரம்ப நிலை கார்பன் சைக்கிளையும் பக்கத்தில் வைத்தால், எடை வித்தியாசம் ஏறக்குறைய ஒரு கிலோதான் இருக்கும். விலை வித்தியாசமோ பெரும்பாலும் அரை லட்சத்தைத் தாண்டிவிடும். அந்த ஒரு கிலோ நமக்கு என்ன கொடுக்கும்?

நம் பக்கத்தில் இருக்கும் ஏற்காடு மலையையே எடுத்துக்கொள்வோம். 20 கொண்டை ஊசி வளைவுகள். அடிவாரத்திலிருந்து மேலே போவதற்குள் ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரம் ஏறுகிறோம். ஒரு கிலோவை 1,000 மீட்டர் தூக்க 9,800 ஜூல் ஆற்றல் வேண்டும். ஓரளவு பயிற்சி பெற்ற ஒருவர் 180 வாட் சக்தியில் தொடர்ந்து மிதிக்கிறார் என்றால், அந்த ஆற்றலுக்கு அவர் செலவிடும் நேரம் சுமார் 54 விநாடி. 65 கிலோ எடையுள்ள அவருக்கு முழு மலையும் ஏற ஒன்றேகால் மணி நேரம் பிடிக்கும். அதில் மிச்சமாவது ஒரு நிமிடத்துக்கும் குறைவு!

இரண்டாம் இடத்துக்கும் ஐந்தாம் இடத்துக்கும் இடையே அந்த ஒரு நிமிடம் இருந்தால், அது பெரிய விஷயம்தான். ஆனால், முதல் பத்துப் பேருக்குப் பின்னால் பத்து நிமிடம் தள்ளி வருகிறவருக்கு, தேவை கார்பன் அல்ல. ஆறு மாதப் பயிற்சி.

சமவெளியிலோ கதையே வேறு. சேலம் - உளுந்தூர்பேட்டை சாலை மாதிரி நேரான பாதையில் 35 கி.மீ. வேகத்தில் போகும்போது, நம்மைப் பின்னுக்கு இழுப்பது பெரும்பாலும் காற்றுதான். அதிலும் பெரும்பங்கு நம் உடம்பில் மோதும் காற்று. குனிந்து, முழங்கையை மடக்கி, நிலையாக உட்காரப் பழகுவது தரும் பலனை ஒரு கிலோ எடைக் குறைப்பு தராது. அப்படி உட்கார வேண்டுமானால், சைக்கிள் நம் அளவில் இருக்க வேண்டும்.

அளவு சரியில்லை என்றால் எல்லாம் வீண்

சட்டைக்கு அளவு பார்க்கிற மாதிரி சைக்கிளுக்கும் பார்க்க வேண்டும். 'ஆஃபரில் இந்த சைஸ்தான் இருக்கிறது, சீட்டை இறக்கிக்கொள்ளலாம்' என்று கடைக்காரர் சொன்னால் திரும்பி வந்துவிடுங்கள். சீட் உயரத்தை மாற்றலாம். ஃப்ரேமின் நீளத்தை மாற்ற முடியாது. பெரிய ஃப்ரேமில் கையை எட்டி நீட்டி ஓட்டினால் கழுத்தும் முதுகும் மரத்துப்போகும்.

வீட்டிலேயே ஒரு கணக்குப் போடலாம். செருப்பில்லாமல் சுவரோடு நின்று, கால்களுக்கு நடுவே ஒரு தடித்த புத்தகத்தை மேலே அழுத்தி வைத்து, தரையிலிருந்து அதன் மேல் விளிம்பு வரை அளக்க வேண்டும். அதை 0.883 ஆல் பெருக்கினால், பெடல் அச்சு சுழலும் மையத்திலிருந்து சீட்டின் மேற்பகுதி வரை இருக்க வேண்டிய உயரம் தோராயமாகக் கிடைக்கும். லெமாண்ட் காலத்திலிருந்து புழக்கத்தில் இருக்கும் கணக்கு இது. உள்கால் அளவு 78 செ.மீ. என்றால், சீட் உயரம் சுமார் 69 செ.மீ. இந்த உயரம் அமையாத ஃப்ரேமை வாங்கவே வேண்டாம்.

இன்னொன்று: வளர்கிற பிள்ளைக்கு கார்பன் ஃப்ரேம் வாங்கினால், ஒன்றிரண்டு வருடத்தில் அது சிறியதாகிவிடும். 14, 15 வயதுப் பிள்ளை என்றால், வளர்த்தி நிற்கும் வரை அலுமினியமே நல்லது.

கியர், பிரேக், டயர்

ஏற்காடும் 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலையும் நமக்குப் பக்கம் என்பதால், கியரில் கவனம் வேண்டும். முன்பக்கச் சக்கரம் 50/34 பல்லும், பின்பக்கம் 11 முதல் 34 பல்லும் இருந்தால் போதும். 34-க்கு 34 கியரில் நிமிடத்துக்கு 70 சுற்று மிதித்தால் மணிக்குச் சுமார் 9 கி.மீ. வேகத்தில் மூச்சு வாங்காமல் மலை ஏறலாம். 'புரொஃபெஷனல்கள் போடுவது' என்று பெரிய பல் சக்கரத்தை வாங்கி முட்டியைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஏறுவதைவிட இறங்குவதில்தான் ஆபத்து. கார்பன் ரிம்மை ரப்பர் கட்டை பிடிக்கும் பழைய வகை பிரேக்கில், நீண்ட இறக்கத்தில் ரிம் அதிகமாகச் சூடேறி பசை இளகிப்போக வாய்ப்புண்டு. அதனால் டிஸ்க் பிரேக் இருப்பதாகப் பாருங்கள். ரிம் பிரேக்தான் என்றால், அலுமினிய ரிம்மே பாதுகாப்பு.

டயர் 28 மி.மீ. போடுமளவு இடம் இருக்க வேண்டும். வேகத்தடைகளும் ஒட்டுப்போட்ட தார்ச்சாலையும் நிறைந்த நம் ஊருக்கு 23 மி.மீ. டயர் ஒத்துவராது. 65 கிலோ எடை உள்ளவருக்கு 28 மி.மீ. டயரில் 70 பி.எஸ்.ஐ. அளவு காற்று இருந்தாலே வேகமும் கிடைக்கும், குலுக்கலும் குறையும்.

பழைய கார்பன் வாங்கலாமா?

இரும்பு வளையும், அலுமினியம் நசுங்கும், கண்ணுக்குத் தெரியும். கார்பனோ வெளியே பெயின்ட் பளபளக்க, உள்ளே அடுக்கு பிரிந்திருக்கலாம். ஏற்காடு இறக்கத்தில் 50 கி.மீ. வேகத்தில் முன் ஃபோர்க் உடைந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

செகண்ட் ஹேண்ட் வாங்கியே ஆக வேண்டும் என்றால் இவற்றைப் பாருங்கள்:

• அசல் பில்லும், ஃப்ரேமில் உள்ள சீரியல் எண்ணும் ஒத்துப்போகின்றனவா?

• சீட் கம்பியைக் கழற்றி, அது பிடித்திருந்த இடத்தில் கீறலோ விரிசலோ இருக்கிறதா என்று பாருங்கள். ஃபோர்க் ஃப்ரேமோடு சேரும் இடம், பெடல் அச்சைச் சுற்றிய பகுதி, பின் சக்கரத்துக்குப் போகும் குழாய்கள் ஆகியவற்றையும் டார்ச் அடித்துப் பாருங்கள்.

• நாணயத்தால் மெல்லத் தட்டிக்கொண்டே வாருங்கள். 'டக் டக்' என்று வரும் ஓசை ஓரிடத்தில் மட்டும் மொத்தையாக மாறினால் சந்தேகப்படுங்கள்.

• பெரிய பிராண்டின் பெயரோடு நம்ப முடியாத விலையில் ஆன்லைனில் வரும் ஃப்ரேம்களைத் தொடவே வேண்டாம்.

இதிலெல்லாம் தேர்ந்த ஒருவர் பார்த்துச் சொல்லாவிட்டால், அதே பணத்துக்குப் புது அலுமினிய சைக்கிள் வாங்குவதே உத்தமம்.

விலைச்சீட்டில் இல்லாத செலவுகள்

கார்பன் ரோடு பைக் பெரும்பாலும் ஒன்றரை லட்சத்துக்கு மேல்தான் தொடங்குகிறது. கையில் இருக்கும் மொத்தப் பணத்தையும் சைக்கிளிலேயே போட்டுவிடாதீர்கள். ஹெல்மெட், ஷூ, பெடல், பம்ப், மாற்று டியூப்கள், போட்டிக்குப் போய்வரும் செலவு என்று நான்கில் ஒரு பங்கையாவது எடுத்து வையுங்கள்.

இரண்டு பொருள்களைச் சைக்கிளோடு சேர்த்தே கேட்டு வாங்குங்கள். ஒன்று, 'டார்க் ரெஞ்ச்'. கார்பன் பாகங்களின் போல்ட்டை அதில் குறிப்பிட்ட அளவுக்குத்தான் இறுக்க வேண்டும். பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டர். 'இன்னும் ஒரு அழுத்து' என்று கையால் முறுக்கினால் விரிசல் விழும். இன்னொன்று, பின் கியரைத் தாங்கும் 'ஹேங்கர்'. சைக்கிள் சாய்ந்து விழுந்தாலே வளைந்துவிடும் சின்னத் துண்டு அது. மாடலுக்கு மாடல் மாறும் என்பதால் உள்ளூர்க் கடையில் கிடைக்காது. அது இல்லாமல் ரேஸ் அன்று காலையில் வண்டி நகராது.

இன்னொரு விஷயம். 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கான ஜி.எஸ்.டி 12 சதவிகிதத்திலிருந்து 5 சதவிகிதமாகக் குறைந்திருக்கிறது. பில்லில் அது சரியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

பணம் இல்லாவிட்டால்?

நன்றாக ஓட்டுகிற பிள்ளை, ஆனால் வீட்டில் வசதியில்லை என்றால் கடன் வாங்குவதற்கு முன் ஒரு கதவைத் தட்டலாம். 2023-ல் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளை' விளையாட்டு வீரர்களுக்கு உபகரணங்களுக்கும் பயணத்துக்கும் உதவுகிறது. இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். சாதனைச் சான்றிதழ்கள் கையில் இருக்க வேண்டும் என்பதால், சின்னப் போட்டியாக இருந்தாலும் ஒவ்வொரு சான்றிதழையும் பத்திரமாக வையுங்கள். மாவட்ட விளையாட்டு அலுவலகத்திலும் விசாரிக்கலாம்.

ஒரு வருடமாவது அலுமினிய ரோடு பைக்கில் தவறாமல் பயிற்சி, இரண்டு மூன்று போட்டிகள், மனப்பாடமாகத் தெரிந்த சொந்த அளவுகள்... இவை மூன்றும் இருக்கிறவர் தாராளமாக கார்பன் வாங்கலாம், கொடுக்கும் காசுக்குப் பலன் கிடைக்கும். மற்றவர்கள் அந்த அரை லட்சத்தை மிச்சம் பிடித்து, நாளைக் காலை ஐந்தரை மணிக்கு அலாரம் வையுங்கள்!