பானட்டைப் பிறகு திறக்கலாம்

பழைய அமெரிக்க மசில் கார் வாங்கப் போகிறவர், வண்டியருகே போனதுமே பானட்டைத் திறக்கச் சொல்வார். எட்டு சிலிண்டர் இன்ஜின், அதன் தலையில் பெரிய கார்புரேட்டர், அடிவயிற்றில் அதிரும் உறுமல், இதற்காகத்தானே இவ்வளவு தூரம் வந்திருக்கிறார்? ஆனால் அவருடைய பணம் கரையப்போவது அங்கே அல்ல. இன்ஜின் எவ்வளவு கெட்டிருந்தாலும் நல்ல லேத் பட்டறையும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் சரியாகிவிடும். துரு தின்ற தகரம்தான் ஆளைச் சாய்க்கும்.

மசில் கார் என்ற வகையே ஒரு குறுக்கு வழியில் பிறந்தது. நடுத்தர அளவுக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட இன்ஜின் கூடாது என்பது 1960-களின் தொடக்கத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் நிர்வாகம் போட்டிருந்த விதி. பான்டியாக் பிரிவில் ஜான் டெலோரியனும் அவருடைய பொறியாளர்களும் அதற்கு ஒரு வழி கண்டார்கள். பெரிய கார்களுக்கான 389 கன அங்குல இன்ஜினைத் தனி மாடலாக அறிவிக்காமல், டெம்பெஸ்ட் காருக்குக் காசு கொடுத்துச் சேர்த்துக்கொள்ளும் கூடுதல் வசதியாக 1964-இல் நுழைத்தார்கள். பெயர் ஜி.டி.ஓ. முதல் ஆண்டே முப்பதாயிரத்துக்கு மேல் விற்றது. அப்புறம் மேலிடம் வாயைத் திறக்குமா? போட்டி நிறுவனங்கள் வரிசையாக இறங்கின. 1970-இல் ஷெவர்லே ஷெவெல் எஸ்.எஸ். காரில் கிடைத்த எல்.எஸ்.6 இன்ஜின் 7.4 லிட்டர், 450 குதிரைத்திறன். காப்பீட்டுக் கட்டண உயர்வும், புகைக் கட்டுப்பாட்டுச் சட்டமும், 1973 எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்து அந்த ஆட்டத்தை முடித்துவைத்தன.

ஷெவெல்லையே உதாரணமாக வைத்துக்கொள்வோம். பழைய நிலைக்கு மீட்டெடுக்க வாங்கப்படும் வண்டிகளில் இது அதிகம். ஏமாற்று வேலையும் இதில் அதிகம்.

முதலில் எண். 1968 முதல் முன்கண்ணாடிக்கு அடியில், டாஷ்போர்டின் ஓட்டுநர் பக்கத்தில், வண்டியின் அடையாள எண் பொறித்த சிறு தகடு இருக்கும். 1966 முதல் 1968 வரை எஸ்.எஸ். தனி மாடல் என்பதால் எண் 138 என்று தொடங்கினால் வண்டி பிறப்பிலேயே எஸ்.எஸ். பிறகு அது வெறும் வசதித் தொகுப்பாகிவிட்டது. 1970 எஸ்.எஸ்.-இன் எண் 136 என்று தொடங்கும். ஷெவெல்லின் சாதாரண வகையான மாலிபுவில் எட்டு சிலிண்டர் வண்டிக்கும் அதே 136தான். அதனால் 1970 வண்டியில் எண்ணை வைத்து எஸ்.எஸ். என்று நிரூபிக்க முடியாது, அல்ல என்று மட்டுமே நிரூபிக்க முடியும். 135 என்று தொடங்கினால் அது ஆறு சிலிண்டர் மாலிபு. பானட்டில் எத்தனை கறுப்புப் பட்டை அடித்திருந்தாலும் பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டு விலையைக் குறைக்கச் சொல்லலாம்.

மிச்சமிருக்கும் சாட்சி காகிதம். தொழிற்சாலையில் எந்த வண்டிக்கு எந்தப் பாகம் போக வேண்டும் என்று அச்சடித்த தாளைத் தொழிலாளர்கள் சில சமயம் வண்டிக்குள்ளேயே விட்டுவிடுவார்கள். பெட்ரோல் டேங்கின் மேல்புறத்திலும் இருக்கை ஸ்பிரிங்குகளுக்கு நடுவிலும் அது ஐம்பது ஆண்டு கழித்தும் அகப்படுகிறது. மஞ்சளாகி, எலி கடித்து, ஓரம் உதிர்ந்து இருந்தாலும் அது நம்மூர் நிலத்துக்கு மூலப்பத்திரம் மாதிரி. அந்தத் தாள் இருக்கும் வண்டிக்கும் இல்லாத வண்டிக்கும் விலை வேறு.

இன்ஜின் அந்த வண்டியோடு பிறந்ததுதானா என்று பார்க்க, வலப்பக்க சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால் பிளாக்கில் ஒரு தட்டையான திட்டு இருக்கிறது. வண்டி எண்ணின் ஒரு பகுதியும் இன்ஜின் வகைக்கான எழுத்துகளும் அதில் குத்தப்பட்டிருக்கும். எண் பொருந்துகிறது என்பதோடு நின்றுவிடக் கூடாது. எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டு டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்க்க வேண்டும். தொழிற்சாலை இயந்திரம் அந்தப் பரப்பைச் சீவியபோது விழுந்த நூலிழைக் கோடுகள் ஒரே திசையில் இணையாக ஓடும். பழைய எண்ணை அரத்தால் தேய்த்து அழித்துப் புதிதாகக் குத்தியிருந்தால் அந்தக் கோடுகள் இருக்காது, அல்லது தாறுமாறாக இருக்கும்.

இனி தகரம். மிஷிகன், ஒஹாயோ போன்ற வடக்கு மாநிலங்களில் குளிர்காலத்தில் பனியை உருக்கச் சாலையில் உப்பு கொட்டுகிறார்கள். துரு என்பது மின்வேதி வினை. உப்பு கலந்த நீர் மின்னோட்டத்தை எளிதாகக் கடத்துவதால் இரும்பு வேகமாக அரிக்கப்படுகிறது. இன்னொரு தொல்லையும் உண்டு. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். இரண்டு தகடுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஸ்பாட் வெல்டு செய்த மடிப்புக்குள் அது புகுந்தால், உள்ளிருந்தே பிளந்துகொண்டு வெளியே வரும். வெளியே சின்னக் கொப்புளமாகத் தெரியும்போது உள்ளே பாதி போயிருக்கும். அரிசோனா பாலைவனத்தில் கிடந்த வண்டியில் வெயில் சீட்டையும் டாஷ்போர்டையும் பிளந்திருக்கும், பெயின்ட் பொடியாக உதிரும். ஆனால் தகரம் நின்றிருக்கும். சீட் தைத்துக்கொள்ளலாம். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் ஆயிரக்கணக்கான மைல் தள்ளியிருந்தாலும் பாலைவன வண்டியைத் தேடிப் போகிறார்கள்.

ஷெவெல்லில் முதலில் பார்க்க வேண்டியது பின்கண்ணாடி. அதைச் சுற்றியுள்ள பளபளப்பான பட்டைக்கு அடியில் மழைநீர் தேங்கி, கண்ணாடி உட்காரும் பள்ளத்தை அரிக்கும். அந்தத் தண்ணீர் டிக்கிக்குள் இறங்கி அதன் தரையையும் ஓட்டை போடும். டிக்கித் தரை மட்டும் புதிதாக மாற்றியிருந்து, கண்ணாடிப் பள்ளத்தைத் தொடாமல் விட்டிருந்தால், விற்பவர் மேலுக்குப் பூசி மெழுகியிருக்கிறார் என்று பொருள். அடுத்து, பின்சக்கரங்களுக்குப் பின்னால் உள்ள பக்கத் தகடுகளின் அடிப்பகுதி. மெல்லிய துணி சுற்றிய காந்தத்தை அங்கே நகர்த்துங்கள். பிடிக்காமல் நழுவும் இடத்தில் தகரம் இல்லை, பட்டிதான் இருக்கிறது. கார்ப்பெட்டைத் தூக்கிக் கால் வைக்கும் இடத்தை ஸ்குரூடிரைவரால் அழுத்திப் பாருங்கள். கடைசியாக வண்டிக்கு அடியில் படுத்து, பின் ஆக்சில் பகுதியில் சேசியைச் சுத்தியலால் தட்டுங்கள். நல்ல இரும்பு கணீரென்று பேசும். அரித்தது மந்தமாக ஒலிக்கும். ஷெவெல்லுக்குச் சேசி தனி, பாடி தனி. ரப்பர் புஷ் வைத்து போல்ட் போட்டுப் பூட்டியிருப்பார்கள். அதனால் பாடியை அலாக்காகத் தூக்கிவிட்டு இரண்டையும் தனித்தனியே சரிசெய்ய முடிகிறது.

டிங்கர் வேலையில் புதியவர்கள் சறுக்கும் இடம் வரிசை. பக்கத் தகட்டை முதலில் வெல்டு அடித்துவிட்டுப் பிறகு கதவை மாட்டினால், கதவு இடுக்கு ஒரு பக்கம் விரலளவு, மறுபக்கம் நூலளவு என்று நிற்கும். கதவு, டிக்கி மூடி, பின்கண்ணாடி எல்லாவற்றையும் தற்காலிகமாகப் பொருத்தி, இடுக்குகளைச் சரிபார்த்துவிட்டுத்தான் தகட்டை வெல்டு அடிக்க வேண்டும். அதுவும் ஒரே ஓட்டமாக அல்ல. இங்கொன்று அங்கொன்றாகப் புள்ளி வைத்து, ஆறவிட்டு, மறுபடி வைக்க வேண்டும். சூடு ஒரே இடத்தில் சேர்ந்தால் தகடு நெளிந்துவிடும். பெயின்ட்டை உரிக்க பானட், கூரை போன்ற அகன்ற தகடுகளில் முரட்டு மணல் வீச்சு அடித்தாலும் இதே கதிதான்.

இன்ஜினைப் பற்றி இரண்டே விஷயங்கள். அந்தக் காலப் பெட்ரோலில் இருந்த ஈயம் எக்ஸாஸ்ட் வால்வு சீட்டுகள் தேயாமல் காத்தது. ஈயப் பெட்ரோலை அமெரிக்கா 1996 முதல் சாலை வண்டிகளுக்கு முற்றிலும் தடை செய்துவிட்டது. ஹெட்டைக் கழற்றும்போதே கடினப்படுத்திய சீட்டுகளைப் போட்டுவிடுவது நல்லது. இரண்டாவது, இன்றைய ஆயில்களில் துத்தநாகச் சேர்மானம் குறைவு. பழைய வகை கேம் ஷாஃப்டும் டாப்பெட்டும் உரசிக்கொண்டு ஓடுபவை. அந்தச் சேர்மானம் போதாவிட்டால் புதுக் கேம் முதல் அரைமணி நேரத்திலேயே தேய்ந்துபோகலாம். அதற்கென்றே விற்கும் ஆயிலை வாங்கி ஊற்றுங்கள்.

ஷெவெல்லுக்கான தகடுகளில் பெரும்பாலானவை இன்று புதிதாகவே கிடைக்கின்றன. உழைப்புக்கு மட்டும் மலிவு விலை கிடையாது. பாடி வேலையையும் பெயின்ட்டையும் வெளியாட்களிடம் கொடுத்தால், முடிந்த வண்டியின் சந்தை விலையைச் செலவு தாண்டிவிடுவது இந்த வட்டாரத்தில் சகஜம். லாபக் கணக்குப் போட்டு இதில் இறங்காதீர்கள்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். துருவேறிய அசல் எஸ்.எஸ்.-இன் எண் தகட்டைப் பிடுங்கி நல்ல மாலிபுவில் பொருத்துகிறவர்கள் உண்டு. அந்தத் தகட்டைப் பூ வடிவத் தலை கொண்ட தனி வகை ரிவெட்டுகள் பிடித்திருக்கும். சாதாரண ரிவெட்டைக் கண்டால் ஒதுங்கிவிடுங்கள். எண்ணை அப்படி மாற்றுவது அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். மாட்டினால் வண்டியே பறிமுதல் ஆகலாம். முதல் வண்டி வாங்குகிறவருக்குப் பாதி அரித்த எஸ்.எஸ்.-ஐவிட, தகரம் கெட்டியாக உள்ள, பாகம் எதுவும் குறையாத சாதாரண மாலிபுவே மேல்.