பிடுங்கி நட்ட நாற்று

நெல்லை நேராக வயலில் தெளிக்கலாம். நாற்றங்காலில் விட்டு, வேர் கெட்டிப்பட்டபின் பிடுங்கியும் நடலாம். அமெரிக்கக் கால்பந்துக்கு அந்த நாற்றங்கால்தான் ஜூனியர் காலேஜ். மதிப்பெண் போதாமலோ உடம்பு முற்றாமலோ பல்கலைக்கழக அணியில் சேர முடியாத பையன், இந்த இரண்டு வருடக் கல்லூரியில் படித்துக்கொண்டே ஆடுவான். பிறகு பல்கலைக்கழகத்துக்கு மாறுவான். அப்படி மாறிப் போகும் ஒரு தடுப்பு வரிசைக்காரனுக்கு அங்கே என்ன வேலை?

முதலில் ஆட்டம். பெயர் கால்பந்து என்றாலும் பந்து பெரும்பாலும் கையில்தான் போகும். பக்கத்துக்கு 11 பேர். பந்து வைத்திருக்கும் அணிக்கு 4 வாய்ப்பு. அதற்குள் 10 கஜம் முன்னேற வேண்டும்.

பந்துக்கு அந்தப் பக்கம் ஐந்து பெருத்த ஆட்கள் வரிசையாக நிற்பார்கள். அவர்களுக்கு நேர் எதிரே, கையைத் தரையில் ஊன்றிக் குனிந்து நிற்கும் மூன்று அல்லது நான்கு பேர்தான் தடுப்பு வரிசை. இப்போது வயல் வரப்பை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் உடைப்பு கண்ட இடத்தில்தான் ஓடும். பந்தோடு ஓடுகிறவனும் அப்படித்தான். இரண்டு ஆட்களுக்கு நடுவே இடைவெளி தெரிந்தால் புகுந்துவிடுவான். ஆகவே வரிசையில் ஒவ்வொருவனுக்கும் அடைக்கவேண்டிய இடைவெளி எது என்று முன்னமே சொல்லியிருக்கும். நடுவில் நிற்பவன் பெரிய மண்கட்டி. அவனை அகற்ற எதிரணி இரண்டு பேரை அனுப்பினால், பின்னால் நிற்கும் நம் ஆள் ஒருவன் தடையில்லாமல் ஓடிப்போய்ப் பந்துக்காரனை விழுத்தாட்டுவான். கைதட்டல் அவனுக்குக் கிடைக்கும். வேலையை முடித்தவன் மண்கட்டிதான்.

அந்தப் பலம் எங்கிருந்து வருகிறது? வீட்டில் ஆட்டுக்கல்லை நகர்த்தியிருக்கிறீர்களா? நிமிர்ந்து நின்று மேல் விளிம்பைத் தள்ளினால் நம் கால்தான் வழுக்கும். முழங்காலை மடக்கி, இடுப்பைத் தாழ்த்தி, அடியில் கைகொடுத்துத் தள்ளினால் கல் அசையும். இங்கேயும் அதேதான். எதிராளியின் நெஞ்சுக்குக் கீழே முதலில் யார் கை போகிறதோ அவன் ஜெயித்தான். 130 கிலோ உடம்பைத் தாழ்வாகவே வைத்திருப்பது ஒரே நாளில் படியாது. அதற்குத்தான் நாற்றங்கால் காலம்.

பிறகு நடவு. பலர் டிசம்பரில் முடிவு செய்து, ஜனவரியில் பல்கலைக்கழகத்தில் சேர்ந்துவிடுவார்கள். நட்ட நாற்று சில நாள் மஞ்சளித்து, அப்புறம்தான் பச்சை பிடிக்கும். வசந்தகாலப் பயிற்சி அதற்கான அவகாசம். ஆகஸ்ட் கடைசியில் ஆட்டம் தொடங்குவதற்குள் புதிய சைகைகள், புதிய பயிற்சியாளர் எல்லாம் பழகியாக வேண்டும்.

இதில் ஒரு நெருக்கடி உண்டு. அரிசியை ஊறப்போட்டாயிற்று என்றால், அரைத்தாலும் அரைக்காவிட்டாலும் நேரம் ஓடும். பல காலமாக இருந்த விதிப்படி, கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் 4 பருவம் ஆடலாம். ஜூனியர் காலேஜில் ஆடியதும் அந்தக் கணக்கில் கழியும். 2024 டிசம்பரில் டியகோ பவியா என்ற வீரர் வழக்காடி, தன்னளவில் இதற்கு எதிராக இடைக்கால உத்தரவு வாங்கினார். அது நியாயம் என்றே நினைக்கிறேன். அரிசி ஊறிய நேரத்தைச் சமைத்த நேரமாக எழுதக் கூடாது.

நடவு பலித்ததற்கு ஜவோன் கின்லா சாட்சி. மிசிசிப்பியில் உள்ள ஜோன்ஸ் கவுண்டி ஜூனியர் காலேஜில் 2016-ல் ஆடினார். 2017-ல் சவுத் கரோலைனா பல்கலைக்கழகத்தின் தடுப்பு வரிசைக்கு வந்தார். 2020-ல் தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களை முறை வைத்து எடுக்கும் தேர்வில், சான் பிரான்சிஸ்கோ அணி அவரை 14-வது ஆளாகத் தேர்ந்தெடுத்தது.

அடுத்த முறை இந்த ஆட்டம் கண்ணில் பட்டால், பந்து கிளம்பும் நொடியில் பந்தைப் பார்க்காதீர்கள். நடுவில் இருப்பவன் தாழ்ந்தே இருக்கிறானா, நிமிர்ந்துவிட்டானா என்று பாருங்கள். உடைப்பு எங்கே வரும் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.