ஸ்பீக்கர் வயிற்றில் பஞ்சு! உங்களுக்குத் தெரியுமா?

மைசூரு மகாராஜா ஜெயசாமராஜேந்திர உடையாரிடம் இருந்த இசைத்தட்டுகள் சுமார் 20,000! 1946-ல் மைசூருக்கு வந்த லண்டன் இசைத்தட்டுத் தயாரிப்பாளர் வால்டர் லெக், அரண்மனையில் இருந்த விதவிதமான லவுட்ஸ்பீக்கர்களைப் பார்த்து அசந்தே போனார். மகாராஜாவுக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை!

1950 மே 22. லண்டன் ஆல்பர்ட் ஹாலில் இசையமைப்பாளர் ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் 'கடைசி நான்கு பாடல்கள்' அரங்கேற்றம். அதற்கு 4,800 டாலர் உத்தரவாதம் தந்தவர் யார்? நம்ம மைசூரு மகாராஜா! அதன் ஒலிப்பதிவு மைசூருக்கே வந்து சேர்ந்தது!

அதே மைசூரில் 1935-லேயே வீட்டில் ரேடியோ நிலையம் நடத்தினார் ஒரு கல்லூரிப் பேராசிரியர். பெயர் எம்.வி. கோபாலசாமி. பாடம் என்ன தெரியுமா? உளவியல்!

அரண்மனையோ ரேடியோவோ, பாட்டு வெளியே வருவது ஸ்பீக்கரில்தான். அதில் பேஸ் எனும் தாழ்ந்த சத்தத்தைத் தரும் வூஃபரைப் பெட்டி இல்லாமல் பாடவிட்டுப் பாருங்கள். பேஸ் மாயம்! முன்பக்கச் சத்தத்தைப் பின்பக்கச் சத்தமே விழுங்கிவிடும்!

பெட்டிக்குள் மாட்டிக்கொண்ட சத்தம் சும்மா இருக்குமா? பின்சுவரில் மோதித் திரும்பி, மெல்லிய காகிதக் கூம்பு வழியாகவே வெளியே வரும்! உள்ளே ஆழம் 17 செ.மீ. என்றால் தொல்லை ஆரம்பிப்பது 1,000 ஹெர்ட்ஸில். பாடகர் குரல் இருக்கும் இடம்!

அதை அடக்க என்ன வேண்டும்? பஞ்சு! சத்தம் இழைகளுக்குள் புகுந்து வெப்பமாக மாறிவிடும்!

பஞ்சு அடைத்தால் பெட்டி பெரிதாகும்! அளவுநாடா வைத்தால் அதே பெட்டிதான். ஆனால் ஸ்பீக்கருக்கு இடம் கூடுதலாகத் தெரியும். கணக்குப்படி உச்சவரம்பு 40%! நடைமுறையில் அதில் பாதி கிடைத்தாலே யோகம்!

ஏன் இப்படி? ஒலியின் வேகத்தை நியூட்டன் சுமார் 15% குறைத்துக் கணக்கிட்டார். காற்று அமுங்கும்போது சூடாவதை அவர் சேர்க்கவில்லை. பஞ்சு அந்தச் சூட்டை உறிஞ்சுகிறது. ஆக, பஞ்சு அடைத்த பெட்டிக்குள் ஒலி நியூட்டன் கணக்கை நெருங்குகிறது!

பஞ்சைப் பெட்டியின் சுவரோடு ஒட்டினால் போதுமா? போதாது! சுவரை ஒட்டிய காற்று அசைவதே இல்லை. 1,000 ஹெர்ட்ஸை நன்றாகப் பிடிக்கும் இடம் சுவரிலிருந்து 8.6 செ.மீ. தள்ளி. 100 ஹெர்ட்ஸுக்கோ 86 செ.மீ.!

பஞ்சுக்குப் பதில் தெர்மாகோல் வீண்! வாயை வைத்து ஊதிப் பாருங்கள். காற்று உள்ளே போகாத பொருள் சத்தத்தை அவ்வளவாக உறிஞ்சாது!

பஞ்சு அடக்குவது காற்றை. பலகை அதிர்ந்தால்? தார் ஷீட்! 1970-களின் புகழ்பெற்ற பிபிசி எல்எஸ்3/5ஏ ஸ்பீக்கரின் சுவர் வெறும் 12 மி.மீ. பிளைவுட். உள்ளே ஒட்டியது தார் ஷீட்!

வார்ஃப்டேல் ஸ்பீக்கர் நிறுவனத்தைத் தொடங்கிய கில்பர்ட் பிரிக்ஸ் இன்னும் ஒரு படி மேலே! இரண்டு பிளைவுட்களுக்கு நடுவே அவர் கொட்டியது மணல்!

1965-ல் 'வயர்லெஸ் வேர்ல்ட்' இதழில் ஏ.ஆர். பெய்லி வெளியிட்ட ஸ்பீக்கர் பெட்டிக்குள் என்ன இருந்தது? ஆட்டு ரோமம்!

நம்ம ஊர் இலவம்பஞ்சும் லேசுப்பட்டதல்ல. ஒவ்வொரு இழையும் ஒரு குழல். உள்ளே சுமார் 80% வெறும் காற்று!

பெட்டியில் வென்ட் ஓட்டை இருந்தால் ஜாக்கிரதை! அதன் வாயில் பஞ்சு அடைத்தால் பேஸ் அவுட்!

மூடிய பெட்டிக்குப் பழைய கணக்கு: லிட்டருக்கு 8 கிராம். 20 லிட்டர் பெட்டிக்கு, தலையணையில் அடைக்கும் ரெக்ரான் பஞ்சு எவ்வளவு வேண்டும்? அரண்மனை கஜானா எல்லாம் தேவையில்லை. வெறும் 160 கிராம்!